ஜால்ரா கேட்கவில்லை

செப்டம்பர் 9, திங்கள்

இன்றைக்கு எச்.எம். அறையில் நடந்ததை எங்காவது கொட்டாவிட்டால் யார் மண்டையையாவது உடைத்துவிடுவேன். அதனால் எழுதுகிறேன். போன வருஷத்து டைரி ஒரு பக்கம்கூட எழுதாமல் கிடந்தது. தேதியை மட்டும் திருத்திக்கொள்கிறேன்.

இந்தப் பெண்கள் பள்ளியில் இருபத்திரண்டு வருஷமாக நான் பி.டி. டீச்சர். சண்முகக்கனி என்று எனக்கு ஒரு பெயர் இருப்பது வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போடும்போதுதான் எனக்கே ஞாபகம் வரும். ஒவ்வொரு வருஷமும் விளையாட்டு விழாவில் என் மாஸ் டிரில் உண்டு. இருநூற்று நாற்பது பிள்ளைகள், ஆளுக்கு இரண்டு மர டம்பெல், மைதானம் முழுக்க வரிசை. பெரிய டிரம்மை அடிக்க அடிக்க, பதினாறு எண்ணிக்கைக்கு ஒரு பயிற்சி. ஓட முடியாத பிள்ளை, குண்டுப் பிள்ளை, மேடை ஏறினால் அழுகிற பிள்ளை எல்லாரும் அதில் நிற்கலாம். யாரையும் கழித்துக்கட்டாத ஒரே அயிட்டம் அதுதான்.

டிரம் மழையில் நனைந்து கிழிந்துவிட்டது. புதிது கேட்கப் போனேன். எச்.எம். தனுஷ்கோடி சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "டீச்சர், அந்த டொம்மு டொம்முவ இனிமே யாரு உக்காந்து பாப்பா? பேரண்ட்ஸ் எல்லாம் மியூசிக் வேணுங்காங்க. இந்த வருஷம் நல்லா ஆடுற பிள்ளையளா இருபது பேரப் பொறுக்கி சினிமாப் பாட்டுக்கு ஆட விட்டுருவோம்" என்றார்.

"மீதி இருநூத்தி இருபது பேரு சார்?"

"கை தட்டட்டும்."

எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. "மியூசிக்தான சார் வேணும்? நானே போட்டுத் தாரேன்" என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்றே தெரிந்தது. அவர் சிரித்தார் பாருங்கள், அந்தச் சிரிப்புக்காகவே போட்டாக வேண்டும். விளையாட்டு விழா நவம்பர் 22. நவம்பர் 7-ஆம் தேதி மைதானத்தில் போட்டுக் காட்ட வேண்டும். நன்றாக இருந்தால் மாஸ் டிரில், இல்லாவிட்டால் இருபது பேர் ஆட்டம். இதுதான் பேச்சு.

செப்டம்பர் 12, வியாழன்

மகள் மதிவதனி பிளஸ் டூவில் வாங்கிய இலவச லேப்டாப் பரணில் கிடந்தது. இறக்கித் துடைத்து, செருகி, பொத்தானை அழுத்திவிட்டு, காப்பி போட்டுக் குடித்துவிட்டு வந்தால் அப்போதுதான் கண்ணைத் திறக்கிறது.

கோயம்புத்தூரில் இருந்து மகள் போனில் சொல்லச் சொல்ல, கம்ப்யூட்டரிலேயே மியூசிக் செய்கிற சாஃப்ட்வேர் ஒன்றை இறக்கினேன். சும்மாவே கிடைக்கிறது. மூன்று மணி நேரம் ஆனது. நடுவில் அவள் "அம்மா, ஏன் கத்துத? மெதுவாப் பேசு" என்கிறாள். அவள்தான் வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டு என்னைச் சொல்கிறாள். கோயம்புத்தூர் போனதில் இருந்து அப்படித்தான் பேசுகிறாள்.

செப்டம்பர் 15, ஞாயிறு

சாஃப்ட்வேரைத் திறந்தால் கரண்ட் ஆபீஸ் மாதிரி இருக்கிறது. எங்கே பார்த்தாலும் திருகாணி, கம்பி, விளக்கு. ஒன்றைத் தொட்டால் நான்கு ஜன்னல் திறக்கிறது, மூடத் தெரியவில்லை. யூடியூபில் சொல்லித் தருகிற பையன் "ரொம்ப சிம்பிள் நண்பர்களே" என்று ஆரம்பிக்கிறான். அவன் வாயில் அடுப்புக்கரியை வைக்க.

ஆனால் ஒன்று கண்டுபிடித்தேன். ஒரு வரிசையில் பதினாறு கட்டம் இருக்கிறது. கட்டத்தைத் தொட்டால் அந்த இடத்தில் டிரம் அடிக்கும். பதினாறு! டிரில்லுக்கும் பதினாறுதான்! எவனோ ஒரு பி.டி. வாத்தியார்தான் இதைச் செய்திருக்கிறான் என்று நினைத்து, ஒரு எண்ணிக்கைக்கு ஒரு கட்டமாக நிரப்பி ஓட விட்டேன். இரண்டே விநாடியில் பதினாறும் ஓடிப்போய்விட்டது. அந்த வேகத்தில் குனிந்து நிமிர்ந்தால் இருநூற்று நாற்பது பிள்ளைகளுக்கும் இடுப்பு பிடித்துக்கொள்ளும்.

வேகத்தைக் குறைத்தேன். நூற்றிருபதில் இருந்து நூறு, எண்பது, நாற்பது, இருபது. இருபதுக்குக் கீழே போக மாட்டேன் என்றது. நல்லவேளை, இருபதில் வைத்தால் பிள்ளைகள் செய்கிற வேகம் சரியாக வந்துவிட்டது.

செப்டம்பர் 22, ஞாயிறு

ஒரு வாரம் பாழ். டிரம் மட்டும் அடித்தால் பரவாயில்லை, வேறு எதைச் சேர்த்தாலும் இழவு வீட்டு மேளம் மாதிரி இழுக்கிறது. யூடியூப் பையனுக்கு எழுதிக் கேட்டேன். "இருபது டெம்போவா? ஆன்ட்டி, ஒரு எண்ணிக்கைக்கு நாலு கட்டம். எண்பதில் வையுங்க" என்று பதில் போட்டு, சிரிக்கிற பொம்மை மூன்று போட்டிருந்தான்.

ஒரு எண்ணிக்கைக்கு நான்கு கட்டம் என்று எங்கேயாவது எழுதி வைத்தால் என்ன குறைந்துவிடும்? இருபத்திரண்டு வருஷமாக "ஒண்ணு" என்றால் ஒன்றுதான். இவர்களுக்கு மட்டும் அது நாலு.

செப்டம்பர் 24, செவ்வாய்

நாலு கட்டம் கணக்கில் வருகிறது. யாரிடமும் சொல்லவில்லை.

செப்டம்பர் 29, ஞாயிறு

காலாண்டு விடுமுறை. டிரம், அதற்கு மேல் கைதட்டு, அதற்கு மேல் ஒரு நாதசுரம் மாதிரி ஊதுகிற சத்தம், எல்லாம் வைத்துவிட்டேன். இதற்கு மேல் "ஹை-ஹேட்" வைக்க வேண்டுமாம். படத்தைப் பார்த்தால் இரண்டு தட்டு ஒன்றன்மேல் ஒன்று. அடப்பாவி, நம்ம ஜால்ராதான். அதற்கு எதற்கு இந்தப் பெயர்.

வரிசை முழுக்க ஜால்ரா வைத்து ஓட விட்டேன். கேட்கவே இல்லை. சத்தத்தைக் கூட்டினேன். எங்கோ தூரத்துக் கோயில் பஜனையில் அடிக்கிற மாதிரி ஒரு துளி வந்தது. இன்னும் கூட்டினேன். இந்த ஹெட்போன் சரியில்லை. என் வீட்டுக்காரர் சங்கரபாண்டி தபால் ஆபீஸ் நண்பரிடம் சொல்லி வாங்கி வந்தது. அவர் வாங்கி வருகிற கத்தரிக்காயும் இப்படித்தான் இருக்கும்.

அக்டோபர் 3, வியாழன்

துவரம்பருப்பு அடிப்பிடித்து, குக்கர் கரியாகிவிட்டது. மூன்று விசிலுக்கு வைத்தேன். ஒன்றுகூட வரவில்லை. வாசலில் இருந்து அவர் ஓடி வந்து அடுப்பை அணைத்துவிட்டு, "எட்டு விசில் வந்துட்டு கனி, எண்ணிக்கிட்டே இருக்கேன், நீ வருவ வருவன்னு" என்கிறார்.

எட்டு விசில் வரை எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருக்கிற மனுஷனை என்ன சொல்ல? எண்ணுகிற நேரத்துக்கு எழுந்து அணைத்தால் கை தேய்ந்துவிடுமா? நன்றாகக் கேட்டுவிட்டேன். அவர் பதிலுக்கு ஏதோ சொன்னார். வாயில் கொழுக்கட்டையை வைத்துக்கொண்டு பேசுகிற மாதிரி இருந்தது. "என்ன?" என்றேன். "ஒண்ணுமில்ல" என்றார். இப்போதெல்லாம் எதைக் கேட்டாலும் இந்த "ஒண்ணுமில்ல"தான்.

குக்கருக்குப் புது வெயிட் வாங்க வேண்டும். இதில் சத்தம் வருவதில்லை.

அக்டோபர் 8, செவ்வாய்

பள்ளி திறந்தது.

வட்டு எறிகிற பயிற்சி. கொடியை நடுவதற்காக மைதானத்துக்குள் போய், முதுகைக் காட்டிக் குனிந்திருந்தேன். எனக்கு இரண்டடி தள்ளி தொப்பென்று வட்டு விழுந்து மண் தெறித்தது. திரும்பினால் ஒன்பதாம் வகுப்பு செண்பகவல்லி, இரண்டு கையையும் வாயில் வைத்துக்கொண்டு நிற்கிறாள். கை நழுவிவிட்டதாம்.

"நழுவுனா கத்துறதுக்கு என்னட்டி?"

"கத்துனேன் டீச்சர்."

"பொய் சொல்லாத."

"அம்மா சத்தியமா கத்துனேன் டீச்சர். எல்லாருமேதான் கத்துனோம்."

எனக்கு அந்த இடத்தில் வந்த கோபம். தப்பும் செய்துவிட்டு, கூட இருக்கிறவர்களையும் பொய்க்குச் சேர்த்துக்கொள்கிறாளே. பத்து ரவுண்டு ஓடவிட்டேன். அழுதுகொண்டே ஓடினாள். மற்ற பிள்ளைகள் என்னை ஒரு மாதிரி பார்த்தார்கள். காற்று எதிர்த்திசையில் அடித்திருக்கலாம். எது எப்படியோ, கத்துகிறவள் சத்தமாகக் கத்த வேண்டும்.

அக்டோபர் 17, வியாழன்

ஜெபராணியோடு இனிமேல் பேச்சு கிடையாது.

தமிழாசிரியை. பதினான்கு வருஷம் பக்கத்து நாற்காலி, மத்தியானம் ஒரே டப்பாவில் சாப்பாடு. அவள் நல்ல காதுக்காரி, தேவாலயப் பாடகர் குழுவில் பாடுகிறவள் என்று நம்பி, முதல் ஆளாக அவளுக்குத்தான் போட்டுக் காட்டினேன். "டிரில் ஏழு" என்று பெயர் வைத்திருக்கிறேன், முன்னால் செய்த ஆறும் குப்பைக்குப் போய்விட்டதால். ஹெட்போனை மாட்டி ஒரு பத்து விநாடி இருக்கும். வெடுக்கென்று கழற்றினாள். காதைத் தேய்த்துக்கொண்டே என்னைப் பார்த்து, "டீச்சர்... தப்பா நெனைக்காதீங்க. ஜால்ரா ரொம்ப ஓவரா இருக்கு" என்றாள்.

காலையில் பிரேயரில் எச்.எம். பேசியதை நான் அவர் முன்னாலேயே "நல்லா இருந்துச்சு சார்" என்று சொன்னேன். வாஸ்தவம். நவம்பர் ஏழாம் தேதி அந்த மனுஷன் தலையாட்ட வேண்டுமே என்று ஒரு வார்த்தை சொன்னேன். அதை மனதில் வைத்துக்கொண்டு, என் மியூசிக்கைக் கேட்கிற சாக்கில் குத்துகிறாள். நானா ஜால்ரா அடிக்கிறவள்? இருபத்திரண்டு வருஷத்தில் ஆறு எச்.எம்.மோடு சண்டை போட்டவள் நான்.

"சொல்லுறதுக்கு வேற ஆளே கெடைக்கலையா ஒங்களுக்கு?" என்று கேட்டுவிட்டு லேப்டாப்பை மூடிக்கொண்டு வந்துவிட்டேன். அவள் திருதிருவென்று முழித்தாள். நடிப்பு.

அக்டோபர் 20, ஞாயிறு

மைக் செட் குருவையாவிடம் பென் டிரைவைக் கொண்டுபோனேன். விளையாட்டு விழாவுக்கு எப்போதும் அவர் செட்தான். செருகிப் பார்த்துவிட்டு, "டீச்சர், இதுல பாட்டே இல்லையே" என்கிறார். அரை மணி நேரம் அவரோடு மல்லுக்கு நின்றேன். கடைசியில் பார்த்தால், சாஃப்ட்வேரில் சேமித்தது வேறு, பாட்டாக மாற்றுவது வேறாம். வீட்டுக்குத் திரும்பி வந்து மாற்றிக்கொண்டு மறுபடியும் போனேன். சைக்கிளில், வெயிலில்.

குழாய் ஸ்பீக்கரில் போட்டார். என் டிரம்மைக் காணோம். ஐந்து வாரம் பாடுபட்டுச் செய்த டொம் என்கிற சத்தம் எங்கே என்று கேட்டால், "கொழாயில கனத்த அடிச்சத்தம் ஏறாது டீச்சர். கல்யாண வீட்டுப் பாட்டக் கேட்டதில்லையா? தகரம் மாதிரிதான் வரும்" என்றார். பெரிய பெட்டி ஸ்பீக்கர் மைதானத்துக்குப் பத்தாது, குழாய்தான் கட்ட வேண்டுமாம்.

அதோடு விட்டாரா. துண்டால் காதைப் பொத்திக்கொண்டு, "மேல அந்தக் கிச்சுக்கிச்சுதான் கொல்லுது" என்றார். எந்தக் கிச்சுக்கிச்சு? எனக்கு நாதசுரமும் கைதட்டும்தான் வந்தது. ஒருவேளை இவரையும் ஜெபராணி பார்த்துப் பேசியிருப்பாளோ.

டிரம் கேட்காவிட்டால் பிள்ளைகள் எதை வைத்துச் செய்வார்கள்? ஜால்ராவையாவது கூட்டி வைக்கலாம். கூட்டிவிட்டேன்.

அக்டோபர் 31, வியாழன், தீபாவளி

மகள் வந்திருக்கிறாள். இந்த வருஷப் பட்டாசு மோசம். கம்பி மத்தாப்பு சுர்ரென்ற சத்தமே இல்லாமல் ஊமையாக எரிகிறது. என்னத்தைக் கலக்குகிறான்களோ. சொன்னேன். மகளும் அவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"அம்மா, ஒரு தடவ காது டாக்டரப் பாத்துட்டு வருவமா?" என்றாள்.

"ஒங்கப்பாவக் கூட்டிட்டுப் போ. அவரு பேசுறது யாருக்கும் கேக்க மாட்டேங்கு" என்றேன்.

அதிரசம் நன்றாக வந்தது.

நவம்பர் 7, வியாழன்

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

கடைசி இரண்டு பீரியட். இருநூற்று நாற்பது பிள்ளைகளும் வரிசையில். கொடிக்கம்பத்துப் பக்கம் எச்.எம்., ஆசிரியர்கள், குருவையாவின் குழாய் இரண்டு. விசில் ஊதினேன். பாட்டைப் போட்டார்.

முதல் பதினாறு ஒழுங்காகப் போனது. ஜால்ரா சேருகிற இடம் வந்ததும், சொல்லி வைத்த மாதிரி, முன்வரிசைப் பிள்ளைகள் டம்பெல்லைக் கீழே போட்டுவிட்டுக் காதைப் பொத்தினார்கள். அடுத்த வரிசையும். மரத்தில் இருந்த காக்கையெல்லாம் பறந்தது. கேலி செய்கிறார்கள் என்று நினைத்து விசிலை ஊது ஊது என்று ஊதினேன். எச்.எம். இரண்டு கையையும் ஆட்டிக்கொண்டே ஓடி வந்தார்.

"நிறுத்துங்க டீச்சர்! என்ன சத்தம் இது, பல்லு கூசுது!"

"எது சார்?"

"அதான், அந்த ஜால்ரா!"

அவரே ஜால்ரா என்கிறார். அப்போதுதான் எனக்கு ஏதோ இடறியது. திரும்பி ஜெபராணியைப் பார்த்தேன். மூன்று வாரத்தில் முதல் தடவையாகப் பேசினேன். "அன்னைக்கு நீங்க சொன்னது... பாட்டுல உள்ள ஜால்ராவா? எச்.எம்.முக்கு நான் அடிக்கிறதச் சொல்லலையா?"

"ஐயையோ, அதுக்கா டீச்சர் இத்தன நாளா மூஞ்சியத் திருப்பிட்டுப் போனீங்க? ஆண்டவரே!"

ஆனாலும் நான் விடவில்லை. ஜால்ரா அதிகமே இல்லை என்று நிரூபிக்கிறேன் பேர்வழி என்று, லேப்டாப்பைத் திறந்து மற்ற எல்லாவற்றையும் ஊமையாக்கி, ஜால்ராவை மட்டும் ஓட விட்டேன். ஒன்றும் வரவில்லை. "பாத்தீங்களா? வரவே இல்ல! இதப் போயி ஓவருங்கிறீங்க!" என்று தலையை நிமிர்த்தினேன்.

ஜெபராணி காதைப் பொத்திக்கொண்டு நின்றாள். எச்.எம். முகத்தைச் சுளித்துக்கொண்டு நின்றார். முன்வரிசையில் செண்பகவல்லி கண்ணை இறுக்கி மூடியிருந்தாள். திரையில் சத்தத்தின் அளவைக் காட்டுகிற பச்சைக் கம்பி மேலே ஏறி ஏறிச் சிவப்பில் இடித்துக்கொண்டிருந்தது. கம்பி ஆடுகிறது. எனக்கு வேப்பமரத்துக் காற்று மட்டும் கேட்டது.

ஜெபராணிதான் கை நீட்டி லேப்டாப்பை மூடினாள்.

எச்.எம். அடுத்த வியாழன் வரைக்கும் என்று தவணை கொடுத்துவிட்டுப் போனார். அவர் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். மெதுவாகப் பேசினார், பரிதாபமாக.

நவம்பர் 8, வெள்ளி

செண்பகவல்லி கத்தியிருக்கிறாள்.

நவம்பர் 9, சனி

திருநெல்வேலியில் காது ஆஸ்பத்திரி. கூட என் வீட்டுக்காரர் வந்தார். பஸ்ஸில் ஜன்னலோரம் எனக்கு விட்டார்.

ஒரு சின்னக் கண்ணாடி அறை. ஹெட்போனை மாட்டி, கையில் ஒரு பொத்தானைக் கொடுத்து, "பீப் சத்தம் கேக்கும்போதெல்லாம் அழுத்துங்கம்மா, எவ்வளவு சின்னதா இருந்தாலும்" என்றது அந்தப் பெண். வயது இருபத்தைந்து இருக்கும். முதலில் நன்றாகக் கேட்டது. அழுத்தினேன். பிறகு மெலிந்தது. பிறகு போய்விட்டது.

எழுதவே அசிங்கமாக இருக்கிறது. ஆனால் இது என் டைரி. அந்தச் சத்தம் கேட்ட வரைக்கும் ஒரு கணக்கில் வந்துகொண்டிருந்தது. ஒண்ணு, ரெண்டு, மூணு, பீப். ஒண்ணு, ரெண்டு, மூணு, பீப். இருபத்திரண்டு வருஷம் எண்ணின எனக்கு அது போதாதா. கேட்காவிட்டாலும் எண்ணி எண்ணி அழுத்தினேன். கணக்குத் தவறாமல், ஒன்றுகூட விடாமல்.

அந்தப் பெண் கதவைத் திறந்துகொண்டு உள்ளே வந்தது. ஹெட்போனை அதுவே கழற்றியது.

"அம்மா, என்ன வேல பாக்கீங்க?"

"பி.டி. டீச்சர்."

"அதான். கடைசி எட்டு தடவையா நான் சத்தமே போடலம்மா. நீங்க கரெக்ட்டா அழுத்திட்டே இருந்தீங்க."

பொத்தானை மடியில் வைத்தேன். அந்தப் பெண் திட்டவில்லை. என் கழுத்தில் கிடந்த விசிலைப் பார்த்தது. சனிக்கிழமைகூட மாட்டிக்கொண்டு போயிருக்கிறேன், பழக்கம். "தெனமும் எத்தன மணி நேரம் ஊதுவீங்க?" என்று கேட்டது. அதுதான் காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாதாம், ஆனால் அதுவும் ஒன்றாக இருக்கலாமாம். மறுபடி முதலில் இருந்து வைத்தது. இந்தத் தடவை எண்ணவில்லை. கேட்டதற்கு மட்டும் அழுத்தினேன். ரொம்ப நேரம் அழுத்தாமலே உட்கார்ந்திருந்தேன்.

பஸ் ஸ்டாண்டில் அவர் காப்பி வாங்கிக் கொடுத்தார். "எப்பேர்ந்து தெரியும் ஒங்களுக்கு?" என்று கேட்டேன்.

"ரெண்டு வருஷமா."

"சொன்னா என்ன?"

"சொன்னேன் கனி" என்றார். "ஒனக்குக் கேக்கல."

எனக்கு அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது. காப்பியில் சீனி அதிகம்.

நவம்பர் 10, ஞாயிறு

ஆஸ்பத்திரியில் கொடுத்த காகிதத்தில் ஒரு கோடு. இடது பக்கம் கனத்த சத்தம், வலது பக்கம் கீச்சுச் சத்தம். பாதி தூரம் ஒழுங்காகப் போய், இரண்டாயிரம் என்று எழுதிய இடத்தைத் தாண்டியதும் மளமளவென்று கீழே இறங்குகிறது. இந்தக் கோட்டை எங்கோ பார்த்திருக்கிறேனே என்று தோன்றிக்கொண்டே இருந்தது. லேப்டாப்பைத் திறந்தேன். சாஃப்ட்வேரில் ஈக்குவலைசர் என்று ஒரு ஜன்னல் உண்டு, மேல் சத்தத்தை வெட்டுவதற்கு. அதில் இதே கோடு, அச்சு அசலாக. இரண்டு மாதமாக இதைத் தெரியாமல் திட்டிக்கொண்டிருந்தேன், அது என் மண்டைக்குள்ளேயே இருந்திருக்கிறது.

நாள் பூராவும் கோபம். ஹெட்போன் மேல், விசில் மேல், எல்லாவற்றுக்கும் மேலாக என் மேல்.

சாயங்காலம் ஜெபராணி கேக்கோடு வந்தாள். காகிதத்தைக் காட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "சரி, இங்கேர்ந்து இங்க வரைக்கும் நல்லாத்தான கேக்கு?" என்று கோட்டின் முதல் பாதியில் விரலை வைத்தாள். "இதுக்குள்ள செய்யுங்க."

"அதுல பாதியக் குழாய் முழுங்கிருமே" என்றேன். அடிச்சத்தம் குழாயில் ஏறாது, மேல்சத்தம் என் காதில் ஏறாது. சொல்லிக்கொண்டே வந்தவள் அப்படியே நின்றுவிட்டேன். நடுவில் கொஞ்சம் இடம் இருக்கிறது. குழாய்க்கும் வரும், எனக்கும் வரும். அந்த இடத்தில் என்ன இருக்கிறது என்று யோசித்தால், கைதட்டு இருக்கிறது. மனிதர்கள் பேசுகிற குரல் இருக்கிறது. மர டம்பெல்லோடு டம்பெல் மோதுகிற டக் இருக்கிறது. எல்லாம் என் மைதானத்திலேயே கிடக்கிறது. நான்தான் ஊரில் இல்லாத சத்தத்தையெல்லாம் கம்ப்யூட்டருக்குள் தேடிக்கொண்டிருந்தேன்.

நவம்பர் 12, செவ்வாய்

ஒன்பதாம் வகுப்பை மைதானத்துக்குக் கூட்டிவந்தேன். ஒலிப்பதிவுக்கு முன்னால் ஒரு வேலை பாக்கி இருந்தது. வரிசையில் நிறுத்திவிட்டுச் சொன்னேன், வீட்டில் நான்கு தடவை சொல்லிப் பார்த்தது.

"செண்பகவல்லி, அன்னைக்கு நீ கத்தியிருக்க. எனக்குத்தான் கேக்கல. எனக்குக் காது கொறஞ்சு போச்சு. ஒன்னய ஓட விட்டது தப்பு."

அவள் அழுவாள் என்று நினைத்தேன். அவள் சத்தமாக, மைதானத்துக்கே கேட்கிற மாதிரி, "பரவால்ல டீச்சர்!" என்று கத்தினாள்.

"இப்ப கேக்கு, கத்தாத. இனிமே வட்டு எறியும்போது கத்துறதோட சேத்துக் கொடியையும் ஆட்டணும். எல்லாரும். நான் திரும்பிப் பாத்து கையத் தூக்குனாத்தான் அடுத்தவ எறியணும்."

பிறகு போனை நாற்காலியில் வைத்துப் பதிவு செய்தோம். டம்பெல் டக் டக். தரையில் கால் உதைப்பது. கைதட்டு. எல்லாரும் சேர்ந்து "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்று பதினாறு வரை. ஏழாவது தடவை ஒருத்தி தும்மினாள், மறுபடி. எட்டாவது தடவை ஐஸ்காரன் மணி அடித்தானாம், மறுபடி. எனக்கு மணி கேட்கவில்லை, அவர்கள் சொன்னார்கள். சரி என்று நிறுத்தினேன்.

நவம்பர் 13, புதன்

வெட்டி வெட்டி ஒட்டினேன். டக் என்கிற சத்தத்தைக் கொஞ்சம் தாழ்த்தினால் டிரம் மாதிரி வருகிறது, குழாய்க்கும் ஏறுகிறது. பிள்ளைகளின் "ஒண்ணு"வை நறுக்கி, தூக்கி, இறக்கி, நாதசுரம் இருந்த இடத்தில் பாட்டாக வைத்தேன். இப்போது ஒண்ணுக்கு எத்தனை கட்டம் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். லேப்டாப் இரண்டு தடவை நின்றது. இரண்டு தடவையும் அதன் வம்சத்தையே திட்டினேன்.

ஜெபராணி கேட்டுவிட்டு, "மேல லேசா ஒரு ஜால்ரா இருந்தா நல்லா இருக்கும்" என்றாள்.

எனக்குப் பொசுக்கென்று கோபம் வந்தது. அடக்கிக்கொண்டு மவுஸை அவள் கையில் கொடுத்தேன். "எவ்வளவுன்னு நீங்களே வைங்க." நாக்கைக் கடித்துக்கொண்டு, அணு அணுவாக நகர்த்தி வைத்தாள். என்ன வைத்தாள் என்று எனக்குத் தெரியாது.

நவம்பர் 14, வியாழன்

எச்.எம். கேட்டார். தலையாட்டினார். "பிள்ளையளோட கொரலா இது?" என்று மட்டும் கேட்டார். நான் "ஆமா சார்" என்றேன். அதற்கு மேல் அவரை நான் ஒரு வார்த்தை புகழவில்லை, ஜெபராணி பக்கத்தில் நின்றாள்.

நவம்பர் 22, வெள்ளி

காலையில் தூறல். மத்தியானம் வெளுத்துவிட்டது.

இருநூற்று நாற்பது பேர். ஒருத்திகூடக் குறையவில்லை. காய்ச்சல் என்று சொன்ன இரண்டு பேரும் வந்து நின்றுவிட்டார்கள். விசில் இல்லை. சிவப்புக் கொடியைத் தூக்கினேன், இறக்கினேன், குருவையா போட்டார். அவர்கள் குரலே குழாயில் "ஒண்ணு" என்றதும் பிள்ளைகள் முகத்தைப் பார்க்க வேண்டுமே. டம்பெல் டக் என்று பாட்டுக்குள் விழுகிறது, மைதானத்திலும் விழுகிறது, எது எது என்று தெரியவில்லை. நாலாவது பயிற்சியில் இருந்து பெற்றோர்களும் எண்ண ஆரம்பித்துவிட்டார்கள். எனக்கு எல்லாம் கேட்டது. ஒன்றுவிடாமல் கேட்டது.

ஜால்ரா இருந்ததாம். நன்றாகவே இருந்ததாம். எல்லாரும் சொன்னார்கள், நம்பிக்கொண்டேன்.

டிசம்பர் 7, சனி

காது மெஷின் வந்தது. இரண்டு காதுக்கும். மாட்டியதும் முதலில் கேட்டது என் சேலை உரசுகிற சத்தம். அடுத்து அவர் மூச்சு விடுகிற சத்தம். முப்பது வருஷமாக இந்த மனுஷன் இப்படியா மூச்சு விடுகிறார்?

குக்கர் முதல் விசிலுக்கே கையில் இருந்த கரண்டியைப் போட்டுவிட்டேன். அவர் வாசலில் இருந்து "ஒண்ணு" என்றார். நன்றாகக் கேட்டது, முணுமுணுப்பே இல்லை. "எனக்கும் கேக்கு, எண்ண வேண்டாம்" என்றேன். ஆனாலும் அடுத்ததற்கு "ரெண்டு" என்றார்.

மத்தியானம் லேப்டாப்பைத் திறந்தேன். "டிரில் ஏழு" இன்னும் அழிக்காமல் கிடந்தது. நவம்பர் ஏழாம் தேதி போட்டது. ஓட விட்டேன்.

முழுசாக நான்கு விநாடி தாங்கியிருப்பேன். ஐயோ, அது என்ன சத்தமா! தகரத்தை ஆணியால் கீறுகிற மாதிரி, பல்லுக்குள்ளே போய்க் கூசுகிறது. மெஷினைப் பிடுங்குவதா லேப்டாப்பை மூடுவதா என்று தெரியாமல் இரண்டையும் ஒரே நேரத்தில் செய்து, தண்ணீர்ச் செம்பைத் தட்டிவிட்டேன். இதைத்தான் இருநூற்று நாற்பது பிள்ளைகளுக்கும் போட்டேன். காதைப் பொத்தியதற்கு விசிலும் ஊதினேன்.

ஜெபராணிக்குப் போன் போட்டேன்.

"டீச்சர், ஜால்ரா ஓவருதான்."

அந்தப் பக்கம் சிரித்தாள். "இப்பத்தான் தெரியுதாக்கும்?"

"இப்பத்தான் கேக்கு" என்றேன்.